மனச்சோர்வு நோய்க்கு வைட்டமின் டி: துணை மருந்தா, தனி மருந்தா?

வெயிலில் நின்றால் உடல் தானே உண்டாக்கிக்கொள்ளும் ஒரு சத்தைக் காசு கொடுத்துக் கடையில் வாங்கும் காலம் வந்திருக்கிறது. வைட்டமின் டி என்று வழங்கும் அச்சத்து எலும்புக்கு உரியது என்பதை அங்கத்தினர்களில் பலர் அறிவர். சில ஆண்டுகளாக அதற்கு மற்றொரு கீர்த்தியும் சேர்ந்திருக்கிறது. மனச்சோர்வு என்னும் நோய்க்கும் அது நல்லது என்று மருந்துக் கடைக்காரர் சொல்கிறார், உறவினர் சொல்கிறார், கைப்பேசியில் வரும் செய்தியும் அவ்வாறே சொல்கிறது. இது எவ்வளவு தூரம் மெய், யாருக்கு மெய், எந்த அளவில் உட்கொண்டால் மெய் என்பதை இங்கே விளக்கப் புகுகிறோம். நாம் வைத்தியர் அல்லோம். கணக்குப் பார்க்கும் தொழிலுடையோம். ஆயினும் இவ்விஷயத்தில் பெரும்பகுதி கணக்கே ஆகும். எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள், கொடுக்கப்படாதவரோடு ஒப்பிட்டபோது நிகரமாக என்ன மிஞ்சியது என்பவையே இதில் கேட்கவேண்டிய கேள்விகள்.

முதலில் நோயைப் பற்றிச் சில வார்த்தைகள். நூல் விலை ஏறியபோதும், மழை பொய்த்தபோதும், வீட்டில் துக்கம் நேர்ந்தபோதும் எவருக்கும் மனம் வாடும். அது நோயன்று. அவ்வாட்டம் நாள் முழுவதும் நீடித்து, இரண்டு வாரத்துக்கு மேல் விடாது தொடர்ந்து, விரும்பிச் செய்த காரியங்களிலும் விருப்பமற்றுப் போய், உறக்கமும் பசியும் கெட்டு, தன்னால் யாருக்கும் பயனில்லை என்ற எண்ணம் வேரூன்றி, சிலருக்கு உயிரை விடலாமா என்ற நினைவும் எழும்போதுதான் வைத்தியர் அதனை நோய் என்கின்றனர். நம் கிராமங்களில் இந்நோய் பெரும்பாலும் தன் பெயரோடு வருவதில்லை. உடம்பெல்லாம் வலி, கை கால் அசதி, தலைபாரம் என்ற வேஷத்தில் வரும். தறியில் பாவு ஏற்றியபடியே கிடக்கும். சங்கத்துக்குத் துணி வாராது. காரியதரிசி அவரைச் சோம்பேறி என்று எண்ணிவிடுவார்.

இந்நோய்க்கு மருந்து உண்டு. பேசிக் குணப்படுத்தும் முறையும் உண்டு. மருந்து உட்கொண்ட மறுநாளே குணம் தெரியாது. இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். குணம் தெரிந்த பின்னும் குறைந்தது ஆறு மாதம் மருந்தைத் தொடரவேண்டும் என்பது பொது விதி. ஆனால் முதல் மருந்திலேயே அனைவரும் பூரண குணம் அடைவதில்லை. அமெரிக்காவில் நடந்து 2006-ஆம் ஆண்டில் வெளியான பெரும் ஆராய்ச்சி ஒன்றில் சுமார் 2,900 நோயாளிகளுக்கு சிட்டலோப்ராம் என்ற மருந்தை முதல் மருந்தாகக் கொடுத்துப் பார்த்தனர். நோய் முற்றிலும் நீங்கியவர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே. மற்றவர்களுக்கு மருந்தை மாற்றவேண்டும், அல்லது அதனோடு மற்றொன்றைச் சேர்க்கவேண்டும். சேர்ப்பதற்கென்று வைத்தியர் கையாளும் லித்தியம் முதலியவை வலிய மருந்துகள். அவற்றுக்கு இரத்தப் பரிசோதனையும் கண்காணிப்பும் வேண்டும். விலை குறைந்ததும், அளவோடு கொண்டால் தீங்கற்றதுமான ஒரு சத்தே அந்தத் துணைவேலையைச் செய்யுமானால் எவ்வளவு நன்று! வைட்டமின் டி இந்த வழியாகத்தான் மனநோய் வைத்தியத்துக்குள் வந்தது. வந்த வாசல் எது என்பதை வாசகர் நினைவிற் கொள்ளவேண்டும். மருந்துக்குத் துணையாக வந்ததேயன்றி, மருந்துக்குப் பதிலாக வரவில்லை.

இனிச் சத்தைப் பற்றி. 1922-ஆம் ஆண்டில் மக்காலம் என்ற அமெரிக்க விஞ்ஞானி, குழந்தைகளின் எலும்பை வளைக்கும் கணை நோயை நீக்கும் பொருள் மீன் எண்ணெயில் தனியே இருப்பதைக் காட்டினார். அதற்கு முன் மூன்று உயிர்ச்சத்துக்களுக்கு ஏ, பி, சி என்று பெயரிட்டிருந்தமையால் இதற்கு டி என்ற எழுத்து கிடைத்தது. உண்மையில் இதற்கு உணவைவிட வெயிலே பெரிய பண்டகசாலை. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரின் ஒரு பகுதி தோலில் படும்போது அங்குள்ள கொழுப்புப் பொருள் ஒன்று இச்சத்தாக மாறுகிறது. பின்னர் அது கல்லீரலில் ஒருமுறையும் சிறுநீரகத்தில் ஒருமுறையும் உருமாறி வேலைக்கு ஏற்றதாகிறது. கல்லீரலில் உண்டாகும் வடிவத்தையே இரத்தத்தில் அளக்கின்றனர். மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமும் அதற்கு மேலும் இருந்தால் போதுமென்றும், 12-க்குக் கீழே போனால் உறுதியான குறைபாடு என்றும் அமெரிக்க மருத்துவ நிபுணர் குழு 2011-ஆம் ஆண்டில் வகுத்தது. 20-க்குக் கீழ் எல்லாமே குறைபாடுதான் என்று கொள்வாரும் உண்டு.

வெயில் கொளுத்தும் நம் நாட்டில் இச்சத்துக்குக் குறைவு ஏது என்று கேட்கலாம். கேட்பது நியாயமே; வைத்தியர்களும் வெகுகாலம் அப்படித்தான் எண்ணியிருந்தனர். 2000-ஆம் ஆண்டில் தில்லியில் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தினர் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். வெளியில் பயிற்சி செய்யும் சிப்பாய்களின் இரத்தத்தில் இச்சத்து ஓரளவு இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்குள்ளேயே நாளைக் கழித்த டாக்டர்களிடமும் தாதியரிடமும் மிகவும் குறைந்திருந்தது! திருப்பதியில் நடந்த ஆராய்ச்சியிலும் நகரவாசிகளைவிட வயலில் வேலை செய்யும் கிராமத்தாரின் அளவு மேலாக இருந்தது. ஆயினும் கிராமத்தாரிலும் குறைவுடையோர் பலர் இருந்தனர் என்பதை மறைப்பதற்கில்லை. கறுத்த தோலில் இச்சத்து ஊறுவதற்கு வெளுத்த தோலைவிட நெடுநேரம் வெயில் வேண்டும் என்பதும் ஒரு காரணம்.

நம் அங்கத்தினர்களுள் உழவரும் நெசவாளரும் ஒருங்கே இருக்கின்றனர். ஆனால் வெயில் அவ்விருவருக்கும் ஒரே விதமாகக் கிடைப்பதில்லை. உழவர் நண்பகலிலும் வரப்பில் நிற்கிறார். நெசவாளரோ குழித்தறியில் கால் புதைய உட்கார்ந்து காலை முதல் அந்தி வரை கூரையின் கீழேயே இருக்கிறார். தறிக்கு நேர் மேலே கண்ணாடி ஓடு பதித்திருக்கிறோமே, வெளிச்சம் நன்றாக விழுகிறதே என்பார். இழையை எண்ணுவதற்கு அவ்வெளிச்சம் போதும். ஆனால் இச்சத்தை உண்டாக்கும் கதிரைச் சாதாரணக் கண்ணாடி தடுத்துவிடுகிறது. எனவே கண்ணாடி ஓட்டின் கீழ் எத்தனை மணி நேரம் இருந்தாலும் இச்சத்து சிறிதும் ஊறாது. தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடும் வேலையும் விடியற்காலத்தில் நடப்பது. வெயில் சாய்ந்திருக்கும் அந்நேரத்தில் அக்கதிர் மிகக் குறைவு. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் பொழுதே அதற்கு ஏற்ற பொழுது. நெசவாளர் வீட்டுப் பெண்மணிகளின் நிலை இன்னும் மோசம். அவர்கள் நூல் சுற்றுவதும் சமைப்பதும் உள்ளேதான்.

இச்சத்துக்கும் மனத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற ஐயம் எப்படி எழுந்தது? மூளையின் பல பகுதிகளில் இச்சத்தை ஏற்றுக்கொள்ளும் அணுவமைப்புகள் இருப்பதை ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் 2005-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மனநிலையோடு தொடர்புடையதாகக் கருதப்படும் செரட்டோனின் என்ற பொருள் மூளையில் உற்பத்தியாவதற்கும் இச்சத்து உதவலாம் என்று சோதனைச்சாலை ஆராய்ச்சிகள் சில காட்டின. இவற்றுக்கு மேலாக, மனச்சோர்வு உடையவர்களின் இரத்தத்தைச் சோதித்தபோது மற்றவர்களைவிட இச்சத்து குறைந்திருப்பதைப் பல தேசங்களிலும் கண்டனர். 2013-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மனநோய் மருத்துவ சஞ்சிகையில் வெளியான ஒரு தொகுப்பாராய்ச்சி இவ்வுறவை உறுதிப்படுத்தியது.

இவ்விடத்தில் சிறிது நிதானிக்கவேண்டும். ஒரு சங்கத்தின் கடை பூட்டிக் கிடக்கிறது, விற்பனையும் இல்லை. பூட்டியதால் விற்பனை போயிற்றா, விற்பனை போனதால் பூட்டினார்களா? பேரேட்டில் இரண்டு தொகைகள் ஒன்றாகக் குறைந்திருப்பதைக் கண்ட மாத்திரத்தில் ஒன்று மற்றதற்குக் காரணம் என்று எந்தத் தணிக்கையாளரும் எழுதிவிட மாட்டார். மனம் சோர்ந்தவர் வெளியே வருவதில்லை, சரியாக உண்பதில்லை, சிலருக்கு உடல் பருத்துவிடுகிறது, பருத்த உடலில் இச்சத்தின் இரத்த அளவும் குறைந்தே காணும். ஆகையால் சத்துக் குறைவு நோயைத் தந்ததோ, நோய்தான் சத்துக் குறைவைத் தந்ததோ என்பது இரத்தத்தைப் பார்த்த மட்டில் விளங்காது. பரம்பரைக் கூறுகளை வைத்து அண்மையில் செய்த ஆராய்ச்சிகள், பிறவியிலேயே இச்சத்து சற்றுக் குறைந்திருக்கும் அமைப்புடையவர்களுக்கு மனச்சோர்வு அதிகம் வருவதாகக் காட்டவில்லை. இது முதல் கட்சிக்குப் பாதகமான சாட்சியம்.

உண்மையை அறியும் வழி ஒன்றே. புதுவகைக் கஞ்சி நூலுக்கு நல்லதா என்று அறிய விரும்பும் நெசவாளர் என்ன செய்வார்? ஒரே நம்பர் நூலில் இரண்டு பாவு எடுப்பார். ஒன்றுக்குப் புதுக் கஞ்சியும் ஒன்றுக்குப் பழைய கஞ்சியும் போட்டு, இழை அறுவதை எண்ணுவார். வைத்தியரும் அவ்வாறே நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பகுதியாக்கி, ஒரு பகுதிக்குச் சத்தும், மற்றதற்கு அதே தோற்றமுடைய வெறும் மாத்திரையும் கொடுக்கின்றனர். எது யாருக்குப் போயிற்று என்பதைக் கொடுப்பவரும் அறியார், கொள்பவரும் அறியார். மாத்திரை எதுவானாலும் உட்கொண்டோம் என்ற நம்பிக்கையிலேயே மனம் ஓரளவு தெளியும் ஆதலால், இந்நோயில் இந்த ஏற்பாடு மற்ற நோய்களைவிட அவசியமானது.

ஈரான் தேசத்தில் நடந்து 2013-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியே துணை மருந்துக் கட்சிக்கு முக்கிய சாட்சி. கடும் மனச்சோர்வுடைய 42 நோயாளிகளை எடுத்துக்கொண்டனர். அனைவருக்கும் ஃப்ளூவாக்ஸெடின் என்ற மனச்சோர்வு மருந்து நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் கொடுக்கப்பட்டது. பாதிப்பேருக்கு அதனோடு வைட்டமின் டி 1,500 அலகு சேர்த்தனர். மற்றவர்களுக்கு வெறும் மாத்திரை. எட்டு வாரம் இவ்வாறு நடந்தது. நான்காவது வாரம் முதற்கொண்டு, சத்தும் சேர்த்து உண்டவர்களின் நோய் மற்றவர்களுடையதைவிட அதிகமாகத் தணிந்திருந்தது. இங்கே இரண்டு செய்திகளைக் குறித்துக்கொள்ளவேண்டும். மருந்துக்குப் பதிலாகச் சத்தைக் கொடுக்கவில்லை; சத்து மருந்தின் தோள்மேல் நின்றது. மற்றொன்று, 42 பேர் என்பது மிகச் சிறிய தொகை. ஒரு சிறு கிராமத்துச் சங்கத்தின் மகாசபைக்கு வருவோர் தொகைகூட அன்று. அதை வைத்துத் தேசத்துக்கெல்லாம் விதி எழுதுவது கடினம்.

சிறிய தொகை எவ்வாறு ஏமாற்றக்கூடும் என்பதற்கு நார்வேயில் உள்ள ட்ரோம்ஸோ நகரத்தின் அனுபவம் நல்ல திருஷ்டாந்தம். பூமியின் வடகோடியை அடுத்த அந்நகரத்தில் குளிர்காலத்தில் சுமார் இரண்டு மாதம் சூரியன் உதிப்பதே இல்லை. வெயிற் சத்தைச் சோதிக்க இதனினும் ஏற்ற இடம் ஏது? 2008-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியில் உடல் பருத்த 441 பேரை எடுத்துக்கொண்டு, வாரம் 20,000 அல்லது 40,000 அலகு வீதம் ஓராண்டு கொடுத்தனர். மனச்சோர்வுக் குறிகள் குறைந்தன. அதே நகரத்தார் இரத்தத்தில் இச்சத்து குறைந்திருந்த 243 பேரைத் தேர்ந்து, வாரம் 40,000 அலகு வீதம் ஆறு மாதம் கொடுத்து, 2012-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். இம்முறை ஒரு பயனும் காணவில்லை! ஊர் ஒன்று, ஆராய்ச்சிசாலை ஒன்று, சத்தும் ஒன்று. முடிவு மட்டும் இரண்டு. முதல் முடிவைப் பத்திரிகைகள் பரப்பிய அளவு இரண்டாவதைப் பரப்பவில்லை என்பது நம் எண்ணம்.

இவை எல்லாவற்றிலும் பெரியது அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரிகளைச் சேர்ந்தோர் நடத்தி 2020-ஆம் ஆண்டில் வெளியிட்டது. 50 வயதும் அதற்கு மேலும் ஆன 18,353 பேருக்கு நாள்தோறும் 2,000 அலகு வைட்டமின் டி அல்லது வெறும் மாத்திரை, ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கொடுக்கப்பட்டது. ஆராய்ச்சி தொடங்கியபோது இவர்களுள் எவருக்கும் மனச்சோர்வு இல்லை. சத்து உண்டவர்களில் 609 பேருக்கு மனச்சோர்வு கண்டது. உண்ணாதவர்களில் 625 பேருக்குக் கண்டது. பதினெண்ணாயிரம் பேரில் பதினாறு பேர் வித்தியாசம் என்பது வித்தியாசமே அன்று என்று கணக்கறிந்தோர் தள்ளிவிடுவர். ஆகவே, நோயில்லாதவர் இனி நோய் வாராதிருக்க வேண்டுமென்று இதை உண்பதில் பொருளில்லை என்பது தெளிவாயிற்று.

ஆயினும் பாஸ்டன் முடிவை எடுத்துக்காட்டி ஈரான் முடிவைப் பொய் என்று சொல்வதும் பிழை. ஒன்று, நலமாயிருந்தவருக்கு நோய் வாராமல் தடுக்குமா என்ற சோதனை; மற்றது, நோயில் விழுந்து மருந்து உண்பவருக்குத் துணைநிற்குமா என்ற சோதனை. ஏரியில் நீர் நிறைந்திருக்கும்போது மேலும் ஊற்றினால் கலங்கல் வழியாக வழிந்து போகும். வறண்ட ஏரிக்கு ஊற்றினால் தங்கும். பாஸ்டன் ஆராய்ச்சியில் சேர்ந்தோரில் பெரும்பாலோர் இச்சத்துக் குறைவில்லாதவர்கள். 2022-ஆம் ஆண்டில் ஃபின்லாந்து தேசத்தார் உள்ளிட்ட ஒரு குழுவினர் 41 ஆராய்ச்சிகளையும் அவற்றில் கலந்த 53,235 பேரையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தனர். சத்து உண்டவர்களுக்குச் சோர்வுக் குறிகள் ஓரளவு குறைந்ததாகவே மொத்தக் கணக்கு காட்டியது. ஆனால் ஆராய்ச்சிகள் ஒன்றோடொன்று மிகவும் மாறுபடுவதால் இம்முடிவின் நிச்சயம் மிகத் தாழ்ந்தது என்று அவர்களே எழுதி வைத்தனர். அதே ஆண்டில் சர்வதேச மனநோய் வைத்தியர் குழு ஒன்று சத்துப் பொருள்களைத் தரம்பிரித்தபோது, மனச்சோர்வு நோயில் வைட்டமின் டி சத்துக்குப் பலவீனமான சிபாரிசு என்ற இடத்தை அளித்தது. அந்த இடம் சரியானது என்றே நாம் கருதுகிறோம். உடன்பாடு உண்டு, உற்சாகம் இல்லை.

உடலின் வழியாகவும் ஒரு நன்மை வரக்கூடும் என்பதைச் சொல்லாமல் விடலாகாது. இச்சத்து மிகவும் குறைந்தவருக்கு எலும்பு மெலிந்து, இடுப்பும் தொடையும் வலித்து, குந்தியிருந்து எழுவதே பாடாகிவிடும். குழித்தறியிலிருந்து கையூன்றி எழும் நெசவாளருக்கு இது வயதின் குறையென்று தோன்றும். மாதக்கணக்காக வலியோடு உழைப்பவரின் மனம் எப்படித் தெளிந்திருக்கும்? அத்தகையவருக்குச் சத்தைக் கொடுத்து வலி நீங்கினால், மனத்தின் சுமையில் ஒரு பங்கும் உடன் இறங்கும். இதற்கு மூளை விஞ்ஞானம் வேண்டுவதில்லை.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய காரியத்துக்கு வருவோம். சென்ற ஆண்டு ஒரு நெசவாளர் சங்கத்துக்குத் தணிக்கைக்குப் போயிருந்தோம். ஓர் அங்கத்தினர் பெயரில் நூல் பற்று எழுதி மூன்று மாதமாகியும் துணி வரவில்லை. விசாரித்ததில் அவர் மனைவியார் வந்து, "ஐயா, அவருக்கு மனசுதான் சரியில்லை; சர்க்கார் ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள், மூன்று வாரம் சாப்பிட்டார்" என்றார். பிறகு என்னவாயிற்று? பக்கத்து ஊர் மருந்துக் கடைக்காரர், அந்த மாத்திரை பழக்கமாகிவிடும், வெயில் சத்துப் பொடி இருக்கிறது, அதுவே போதும் என்றாராம். மாத்திரை நின்றது, பொடி வந்தது. மருந்து வேலை செய்யத் தொடங்கும் தருணத்தில் அதைக் கைவிட்டதால் அவர் முன்னிலும் மோசமாகி, இரவில் உறக்கமின்றித் தெருவில் நடக்கலானார். வீட்டார் ஒருவழியாக அவரை மீண்டும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். டாக்டர் பழைய மருந்தைத் தொடங்கினார். இரத்தத்தைச் சோதித்துச் சத்துக் குறைவையும் கண்டு, பொடியையும் வாரம் ஒன்றாகச் சேர்த்துக் கொடுத்தார். இப்போது அவர் தறியில் உட்காருகிறார். எதனால் குணமானார், மருந்தாலா பொடியாலா என்று அவர் மனைவியாரைக் கேட்டால் இரண்டாலும் என்கிறார். நாமும் அதற்கு மேல் சொல்லத் துணியோம்.

மனச்சோர்வு மருந்துகள் சாராயம், புகையிலை போல் ஆசையை வளர்த்துப் பழக்கமாவன அல்ல. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், படபடப்பு, உறக்கக் கேடு முதலியன சில நாள் வருத்தும். அதைக் கண்டே பழக்கமாகிவிட்டது என்று பலர் மயங்குகின்றனர். நிறுத்தும் காலம் வந்தால் டாக்டரே படிப்படியாகக் குறைப்பார்.

பொடியின் அளவைப் பற்றியும் விரிவாகச் சொல்லியாகவேண்டும். நம் கடைகளில் சிறு உறைகளிலும் குளிகைகளிலும் பெரும்பாலும் விற்பது 60,000 அலகு. ஆரோக்கியமுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டியது 600 அலகு என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ஆம் ஆண்டில் வகுத்தது. ஆகவே ஓர் உறை நூறு நாள் தேவைக்குச் சமம். சத்துக் குறைவை நிரப்புவதற்கு வாரம் ஓர் உறையாக ஆறு அல்லது எட்டு வாரம் கொடுப்பது வைத்தியர்களின் வழக்கம். வாரம் ஒன்று என்பதை நாளுக்கு ஒன்று என்று தவறாக விளங்கிக்கொண்டு அறுபது நாள் உண்டால், உள்ளே போவது 36 லட்சம் அலகு. பதினாறு ஆண்டுக்கு மேற்பட்ட தேவையை இரண்டு மாதத்தில் விழுங்கியதாகும். ஈரான் ஆராய்ச்சியில் எட்டு வாரத்துக்கும் சேர்த்து ஒருவர் உண்டது 84,000 அலகுதான் என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். இரண்டு உறைகூட ஆகவில்லை!

வைட்டமின் சி போல் மிகுந்தது சிறுநீரோடு போய்விடும் என்று எண்ணுதல் கூடாது. இது கொழுப்பில் கரைவது; உடலில் தங்குவது. மிஞ்சினால் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறி, தாகம், வாந்தி, மலச்சிக்கல், அடிக்கடி சிறுநீர், புத்தித் தடுமாற்றம் ஆகியன உண்டாகும், சிறுநீரகம் பழுதாகும். சோர்வும் குழப்பமும் அதன் குறிகளாகையால், நோய் தணியவில்லையே என்று எண்ணி மேலும் உண்போரும் உண்டு. பேரளவு ஒருமுறை கொடுப்பதிலும் தீங்குண்டு என்பதை ஆஸ்திரேலியா காட்டியது. அங்கே 70 வயதுக்கு மேற்பட்ட 2,256 பெண்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை 5,00,000 அலகு அல்லது வெறும் மாத்திரை கொடுத்தார்கள். எலும்பு முறிவைக் குறைக்கலாம் என்பது நோக்கம். 2010-ஆம் ஆண்டில் முடிவைக் கணக்கிட்டபோது, சத்து உண்டவர்களே அதிகம் விழுந்தார்கள். அவர்களுக்கே எலும்பு அதிகம் முறிந்தது. அப்பெண்களில் ஒரு பகுதியினரின் மனநிலையையும் தனியே ஆராய்ந்தார்கள். அதிலும் நன்மை ஒன்றும் இல்லை.

சிறுநீரகக் கல் உள்ளவர்களும், சிறுநீரக நோயாளிகளும், இரத்தக் கொதிப்புக்குச் சிறுநீர் பெருக்கும் மாத்திரை உண்பவர்களும் தாமாகவே இதைத் தொடலாகாது. டாக்டரிடம் அதைச் சொல்லியே கேட்கவேண்டும். மற்றவர்கள் டாக்டர் எழுதிக் கொடுத்ததை உணவுக்குப் பின் உண்டால் நன்கு சேரும். உறை உண்ணும் கிழமையைச் சுவர் நாட்காட்டியில் குறித்துவைத்தால் இரட்டைப் பற்று நேராது.

எல்லோரும் இரத்தத்தைச் சோதித்துப் பார்க்கவேண்டுமா? வேண்டாம். நலமாயிருக்கும் பெரியோருக்கு இச்சோதனை வழக்கமாகத் தேவையில்லை என்று அமெரிக்க உட்சுரப்பு மருத்துவச் சங்கத்தார் 2024-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியில் சொல்லியிருக்கின்றனர். சோதனைக்கு ஆகும் செலவு பொடியின் செலவைப்போல் பன்மடங்கு. நெசவாளரின் பல நாள் கூலி அதில் போய்விடும். ஆனால் மனச்சோர்வுக்கு மருந்து உண்டும் குணம் பாதியில் நிற்கிறது, உடன் எலும்பு வலியும் இருக்கிறது, வேலையோ வீட்டுக்குள்ளேயே என்று இருப்பவர், இதைச் சோதிக்கலாமா என்று டாக்டரைக் கேட்பது தக்கது.

உணவில் இச்சத்து அதிகமில்லை. மத்தி, அயிலை போன்ற கொழுப்பு மீன்களிலும், முட்டையின் மஞ்சட் கருவிலும் ஓரளவு உண்டு. பாலிலும் சமையல் எண்ணெயிலும் சேர்த்து விற்பதற்கு 2018-ஆம் ஆண்டில் மத்திய உணவுப் பாதுகாப்பு நிறுவனம் விதி செய்தது. அவ்வாறு சேர்த்த பொட்டலத்தில் கூட்டல் குறியோடு எஃப் என்ற ஆங்கில எழுத்து நீல நிறத்தில் இருக்கும். நண்பகலை ஒட்டிச் சிறிது நேரம், கையும் காலும் முதுகும் வெயில் படத் தறியை விட்டு வெளியே நிற்பது செலவில்லாதது. நின்று திரும்பும்போது எதிர் வீட்டுக்காரரோடு நான்கு வார்த்தை பேசுவதும் அதில் அடங்கும்; அதன் பயன் எந்தச் சத்துக்கு உரியது என்று பிரித்துக் கணக்கிட யாராலும் இயலாது.

மனநோய்க்கு வைத்தியம் மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிகளில் இலவசமாகவே கிடைக்கிறது. டாக்டரிடம் போகத் தயங்குவோர், அல்லது வீட்டில் ஒருவர் உயிரை வெறுத்துப் பேசக் கேட்டோர், 14416 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் எந்நேரமும் பேசலாம். மத்திய அரசாங்கம் 2022-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் தொடங்கிய டெலி-மானஸ் என்ற சேவை அது, கட்டணமில்லை, தமிழிலேயே பேசுவார்கள். பொடியைப் பற்றிய சந்தேகத்தையும் அவர்களிடம் கேட்கலாம்.